ஸ்காபரோவில் யார் யார் இருக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவுக்கு வரப்போகிறவர்கள், வந்து சில வாரங்களே ஆனவர்கள், ஊரில் இருந்து தொலைபேசியில் பேசும் உறவுக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் நான் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். முதலில் ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்), பிறகு மாடிக் கட்டடம், இப்போது ஒரு சின்ன வீடு. இத்தனை காலம் இங்கே பழகியதில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

ஸ்காபரோ தனி நகரமா, ரொறன்ரோவுக்குள் இருப்பதா?

இப்போது ரொறன்ரோ மாநகரத்துக்குள் இருக்கிறது. 1983இல் நகரம் என்ற தகுதி கிடைத்தது. 1998 ஜனவரி 1ஆம் தேதி ஒன்ராறியோ மாகாண அரசு இதையும் பழைய ரொறன்ரோவையும் இன்னும் நான்கு அயல் உள்ளாட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. சட்டத்தில் பெயர் போனாலும் பேச்சில் போகவில்லை. இன்றைக்கும் முகவரியில் ஸ்காபரோ என்றே எழுதுகிறோம், கடிதம் வந்து சேருகிறது.

மேற்கே விக்டோரியா பார்க் அவெனியூ, வடக்கே ஸ்ரீல்ஸ் அவெனியூ, தெற்கே ஒன்ராறியோ ஏரி, கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கமாகப் பிக்கரிங் எல்லை. 2021 குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய 6 லட்சத்து 30 ஆயிரம் பேர். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

ஒரு விஷயத்தை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். "எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் இங்கே யாரும் ஊர்ப்பெயர் சொல்வதில்லை. இரண்டு பெரிய றோட்டுகள் சந்திக்கிற இடத்தைத்தான் சொல்வார்கள். "எக்ளின்ரனும் மார்க்கமும்", "பிஞ்சும் நீல்சனும்" என்று சொன்னால் கேட்பவருக்கு உங்கள் பஸ், உங்கள் கடை, உங்கள் பிள்ளை போகக்கூடிய பள்ளிக்கூடம் வரைக்கும் விளங்கிவிடும்.

மார்க்கம் என்கிறார்களே, அது றோட்டா, ஊரா?

இரண்டும்தான். மார்க்கம் றோட் ஸ்காபரோவின் நடுவே தெற்கு வடக்காக ஓடுகிறது. அது ஸ்ரீல்ஸைத் தாண்டினால் மார்க்கம் என்ற வேறொரு நகரத்துக்குள் போகும். வீடு பார்க்கும்போது எது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாடகை, காப்புறுதி, பஸ் எல்லாம் மாறும்.

தமிழர் வருவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?

இந்தக் கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

லோரன்ஸ், பெல்லமி றோட்டுகள் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே, புல் மூடிய ஒரு மேடு இருக்கிறது. டேபர் ஹில் என்று பெயர். 1956இல் அங்கே இயந்திரத்தால் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது மனித எலும்புகள் வெளியே வந்தன. வென்டாற் என்ற பூர்வகுடி மக்கள் பல நூறு வருஷங்களுக்கு முன்னால், தங்கள் இறந்தவர்கள் நூற்றுக்கணக்கானோரை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அது. இப்போது அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. வருகிற விருந்தாளிகளை எல்லாரும் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் போகிற வழியில் இந்த மேட்டடியிலும் ஐந்து நிமிஷம் நிறுத்துவேன்.

ஸ்காபரோ என்ற பெயர் இங்கிலாந்தில் இருந்து வந்தது. 1793இல் அப்போதைய துணைநிலை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, ஏரிக்கரையில் நிற்கும் வெள்ளைச் செங்குத்து மேடுகளைப் பார்த்துவிட்டு, யோர்க்‌ஷயரில் இருக்கும் ஸ்காபரோ போல இருக்கிறது என்று அந்தப் பெயரைக் கொடுத்தார். அந்தப் பத்தாண்டிலேயே ஸ்கொட்லாந்தில் இருந்து டேவிட், மேரி தொம்சன் என்ற தம்பதி வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்கள் பெயரில் இன்று ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நூற்றைம்பது வருஷம் இது வயல்வெளி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் வீடுகளும் தொழிற்சாலைகளும் வேகமாக வந்தன. எக்ளின்ரன் அவெனியூவில் தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற பகுதிக்குக் 'கோல்டன் மைல்' என்று பெயர். 1959இல் எலிசபெத் அரசியாரையே கூட்டிவந்து காட்டினார்கள் என்றால் அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தவர்களுக்காகக் கட்டியவைதான் இன்று நீங்கள் பார்க்கிற பங்கலோ வீடுகள். இங்கே பங்கலோ என்றால் மாளிகை இல்லை. மேல்மாடி இல்லாத, சின்னச் செங்கல் வீடு. முதலில் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரித்தானிய வழிவந்தவர்கள். பிறகு இத்தாலியரும் கிரேக்கரும் வந்தார்கள், அப்புறம் கரீபியன் தீவுக்காரர், சீனர், நாங்கள், பிலிப்பினோக்கள், ஆப்கானியர். வீடு அதேதான். பின்வளவில் இத்தாலியர் நட்ட திராட்சைக் கொடிக்குக் கீழே இன்று எங்கள் ஆட்கள் பாகல் போட்டிருக்கிறார்கள்.

சரி, தமிழர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகுதான் பெரிய அளவில் வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். கனடிய நாட்டு மக்களில் பலர் தமிழர் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டார்கள்.

ரொறன்ரோவுக்கு வந்தவர்கள் முதலில் நகர மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில்தான் நெருக்கியடித்து இருந்தார்கள். ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு ஏழு பேர். பிறகு குடும்பங்கள் வரத் தொடங்கின. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், வாடகை கட்டுப்படியாக வேண்டும், வேலைக்கு பஸ் வேண்டும். ஸ்காபரோவில் மூன்றும் இருந்தன. ஒருவர் வந்தால் அவருடைய மச்சான் வருவார், மச்சானுக்குப் பின்னால் அவருடைய ஊர். தொழிற்சாலை, உணவகச் சமையலறை, அலுவலகத் துப்புரவு, விடியப்புறம் பத்திரிகை போடுவது என்று இரண்டு வேலை செய்து முன்பணம் சேர்த்துத்தான் அந்தப் பங்கலோக்களை வாங்கினார்கள்.

2011இல் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் இருந்து ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றத்துக்குப் போனார். கனடாவின் முதல் தமிழ் எம்பி அவர்தான். படகில் வந்தவர்களைக் கடலில் இருந்து தூக்கியது 1986இல். நடுவில் இருபத்தைந்து வருஷம்தான்.

அப்படியென்றால் ஸ்காபரோ தமிழர் ஊர்தானே?

இல்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பாது. மார்க்கம் றோட்டில் தமிழ்ப் பலகைகளைப் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிடுகிறோம்.

வடமேற்கே அஜின்கோர்ட்டுக்குப் போனால் பலகைகள் சீன எழுத்தில் இருக்கும். முதலில் ஹொங்கொங்கில் இருந்தும் பிறகு சீனப் பெருநிலத்தில் இருந்தும் வந்தவர்கள். வெக்ஸ்போர்ட் பக்கம், லோரன்ஸ் அவெனியூ ஈஸ்ற்றில் நடந்தால் சிரிய, லெபனானியப் பேக்கரிகள், ஆப்கானியரின் கபாப் கடைகள், நடுநடுவே பழைய கிரேக்கக் கடை. கோடையில் 'ரேஸ்ற் ஒஃப் லோரன்ஸ்' என்று தெருவையே மறித்து விழா எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போங்கள். வடகிழக்கே மல்வேர்னில் ஜமேக்கா, ரினிடாட், கயானாக்காரர்கள் எங்களுக்கு முன்னரே வந்துவிட்டார்கள். பிலிப்பினோக்கள் எல்லாப் பகுதியிலும் இருக்கிறார்கள். உங்கள் தாயாரை மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவராக இருப்பார்.

கயானாக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1838இல் இருந்து 1917 வரை பிரித்தானியர் இந்தியாவில் இருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் பலர். பெரும்பாலோர் வட இந்தியாவில் இருந்து போனவர்கள் என்றாலும், சென்னைத் துறைமுகத்தில் இருந்து கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களை அங்கே 'மதராசி' என்பார்கள். வீராசாமி, மூன்சாமி என்று குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஒருவரை இங்கே சந்தித்தால் அவர் பேசுவது ஆங்கிலமாக இருக்கும், கும்பிடுவது மாரியம்மனாக இருக்கும். தமிழ் தெரியாது என்பதற்காக "நீங்கள் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிச் சொன்ன ஒருவரை என் காதால் கேட்டிருக்கிறேன், எதிரே நின்றவரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இருந்தவர்கள் வந்தவர்களை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1984இல் அஜின்கோர்ட்டில், முன்பு சில்லுச் சறுக்கு மண்டபமாக இருந்த ஒரு கட்டடத்தை 'டிராகன் சென்ரர்' என்ற சீனக் கடைத்தொகுதியாக மாற்றினார்கள். கூட்டம் அலைமோதியது. வாகனம் நிறுத்த இடமில்லை, நெரிசல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தவர்கள் நூற்றுக்கணக்கில் கூடி எதிர்த்தார்கள். பேச்சு வாகனத் தரிப்பைப் பற்றியது என்றாலும் கோபம் அதைப் பற்றியது மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. சீனருக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களும் வந்தன. அதற்குப் பிறகுதான் இன உறவைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள்.

எங்களுக்கும் நடந்தது. நான் முதலில் வீடு தேடியபோது தொலைபேசியில் "இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றவர், நேரில் என் முகத்தைப் பார்த்ததும் "இப்போதுதான் கொடுத்துவிட்டோம்" என்றார். அடுத்த வாரமும் அதே விளம்பரம் பத்திரிகையில் இருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது எங்கள் ஆட்களே புதிதாக வரும் மாணவர்களைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் அதே வார்த்தைகளைச் சொல்லக் கேட்கிறேன். "ஒரு வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள், குப்பையை ஒழுங்காகப் போடுவதில்லை, பஸ் நிரம்பி வழிகிறது." செயின்ட் ஜேம்ஸ் ரவுனில் ஒரு அறையில் ஏழு பேர் படுத்த காலத்தை அவ்வளவு சீக்கிரம் எப்படி மறக்க முடிகிறது?

'பிளாசா' என்கிறீர்களே, அது என்ன?

றோட்டோரமாக ஒரு நீண்ட ஒற்றைமாடிக் கட்டடம். முன்னால் பெரிய வாகனத் தரிப்பிடம், உள்ளே பத்துப் பதினைந்து கடைகள். ஸ்காபரோவுக்குக் கடைத்தெரு என்று தனியாக ஒன்று இல்லை, பிளாசாதான் கடைத்தெரு. வெளியே இருந்து பார்த்தால் அழகே இருக்காது. படம் எடுக்கிறவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் இந்தப் பகுதியின் குணத்தை அறிய வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

நான் வழக்கமாகப் போகிற பிளாசாவில் தமிழ் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஹலால் இறைச்சிக் கடை. அதற்கடுத்து ஜமேக்கர் ஒருவரின் முடிதிருத்தகம். பிறகு பிலிப்பினோக்கள் தங்கள் நாட்டுக்குக் கப்பலில் பெட்டி அனுப்பும் இடம். அந்தப் பெட்டிக்கு 'பாலிக்பாயன்' என்று பெயர். சவர்க்காரம், சொக்கிளேற், சப்பாத்து என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பி அனுப்புவார்கள். ஊருக்குப் போகும்போது பயணப்பெட்டியை நிறைக்கும் எங்கள் அக்காமாரின் அதே முகம் அங்கே வரிசையில் நிற்பவர்களிடமும் இருக்கும்.

உணவில் ஒரு சின்ன அதிசயம் உண்டு. எங்களுடைய பற்றிஸ் என்ற பொரித்த பலகாரம் போலவே ஜமேக்கர்களிடமும் பற்றி உண்டு. பெயரும் ஏறக்குறைய ஒன்று, உள்ளே உறைப்பான இறைச்சியும் ஒன்று. அவர்களுடையது மஞ்சள் நிறம், அளவு பெரியது, 'ஓவன்' அடுப்பில் சுடுவது. வோர்டன் சுரங்க ரயில் நிலையத்துப் பற்றிக்கு ஸ்காபரோ முழுக்கப் பெயர். வேலை முடிந்து பஸ் மாறுகிற நேரத்தில் கையில் சூடாக ஒன்று வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நாற்பது வயதுக்காரர்கள்.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கூட இப்படித்தான். பல கோயில்கள் முதலில் பண்டகசாலைக் கட்டடங்களில் தொடங்கியவை. வெளியே இரும்புக் கதவு, உள்ளே கற்பூர வாசம்.

பேஸ்மென்டில் இருப்பது அவமானமா? வாடகைக்கு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவமானமே இல்லை. இங்கே சொந்த வீடு வைத்திருப்பவர்களில் பலர் அதில் இருந்துதான் மேலே வந்தார்கள். கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. நெருப்புப் பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் கருவியும் வேலை செய்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முன்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். 'ஏதாவது உடைந்தால்' என்று தனியாக வைப்புப் பணம் கேட்பது சட்டத்துக்கு முரண். வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டால் தரவேண்டும். கேட்பவர் நம்ம ஆள் என்பதற்காகக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். நம்ம ஆளிடம்தான் கூச்சம் அதிகம் வரும், அதனால்தான் சொல்கிறேன்.

இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பதை மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிரும் இடங்களுக்கு மட்டும் விதி வேறு.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், பொறுமை வேண்டும். ஸ்காபரோ கார்களுக்காகக் கட்டப்பட்டது, ஆனால் பஸ்ஸில்தான் வாழ்கிறது. 1985இல் இருந்து ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டது. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. கென்னடி நிலையத்தில் இருந்து ஷெப்பர்ட், மக்கவன் சந்திப்பு வரை மூன்று நிலையங்களோடு சுரங்கப்பாதையை நீட்டும் வேலை நடக்கிறது. அதுவரைக்கும் பஸ்தான். பிரெஸ்ரோ அட்டையை ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்கு எத்தனை முறையும் மாறி ஏறலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. 2024 பெப்ரவரியில் இருந்து ஸ்ரீல்ஸைத் தாண்டி யோர்க் பிராந்திய பஸ்ஸுக்கு மாறினாலும் இரண்டாவது கட்டணம் கிடையாது. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். தாதிச் சீருடை, பாதுகாவலர் சீருடை, தொழிற்சாலைச் சப்பாத்து. பாதிப்பேர் உறக்கம். பக்கத்தில் இருப்பவர் எந்த நாடு என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் இறங்கும் இடம் வந்துவிட்டால் தட்டி எழுப்பிவிடுவார்கள்.

ஸ்காபரோ பாதுகாப்பில்லாத இடம் என்கிறார்களே?

நகர மையத்தில் இருப்பவர்கள் பல காலமாக 'ஸ்காபேரியா' என்று இதைக் கேலி செய்வார்கள், தூரத்தில் இருக்கிற சைபீரியா போல என்று. பெயர் கெட்டதில் செய்திகளுக்கும் பங்கு உண்டு. ஏதாவது நடந்தால் "ஸ்காபரோவில்" என்று தலைப்பு வரும். மற்ற இடங்களில் நடந்தால் றோட்டின் பெயர் மட்டும் வரும்.

கஷ்டம் இருந்தது உண்மை. 1990களில் எங்கள் இளைஞர்களே குழுக்களாகப் பிரிந்து மோதிக்கொண்டதை மறைக்க முடியாது. போரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், இரண்டு வேலைக்குப் போய்விட்ட தாய் தகப்பன், பின்னேரத்தில் போய் இருக்க ஓரிடம் இல்லை. 2005இல் மாநகரம் கூடுதல் கவனம் வேண்டிய 13 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தபோது மல்வேர்ன் உட்பட ஸ்காபரோவின் பல இடங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. சமூக நிலையங்கள், விளையாட்டு, இளைஞர் வேலைகளுக்குப் பணம் வந்தது. நிலைமை மாறியது. என் பிள்ளைகள் இங்கேதான் இரவு பஸ்ஸில் வந்து வளர்ந்தார்கள். வேறெங்கும் இருப்பது போல இங்கேயும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

நான் தமிழ்நாட்டில் இருந்து வரும் மாணவன். அங்கே பேசும் தமிழ் எனக்குப் புரியுமா?

இரண்டு வாரம் கொடுங்கள் தம்பி. சென்ரெனியல் கல்லூரிக்கும் ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்துக்கும் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் திகைக்கிறார்கள். நாங்கள் 'கதைப்பது' நீங்கள் பேசுவது. எங்கள் 'உறைப்பு' உங்கள் காரம். 'கொப்பி' என்றால் நோட்டு, 'பேந்து' என்றால் பிறகு, 'பொடியன்' என்றால் பையன். "விளங்குதா?" என்று அடிக்கடி கேட்போம், கோபம் என்று நினைக்காதீர்கள்.

மளிகைக் கடையில் அண்ணை, அக்கா என்று கூப்பிட்டுப் பேசத் தொடங்குங்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணமா மட்டக்களப்பா என்று கேட்டுப் பழகியவர்கள், திருநெல்வேலி என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு.

ஆங்கிலம் பேசாமலே வாழ்ந்துவிடலாமா?

மருத்துவர், வழக்கறிஞர், வங்கி, கடை எல்லாவற்றுக்கும் தமிழ் பேசுகிறவர் கிடைப்பார். அதனால் வாழ்ந்துவிடலாம். ஆனால் அந்த வசதியே ஒரு வேலியாகிவிடும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் மத்திய அரசின் 'லிங்க்' ஆங்கில வகுப்புகள் இலவசம். குடியுரிமை எடுத்த பிறகு அதில் சேர முடியாது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். என் அம்மா அறுபத்திரண்டு வயதில் போனார். ஆங்கிலத்தை விட அங்கே கிடைத்த சீனத் தோழிதான் அவருக்குப் பெரிய சம்பாத்தியம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு ஆங்கிலச் சொல் இருந்திருக்காது. ஆனாலும் பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி, கத்தரிக்காய் விலை எதுவும் மிச்சம் இல்லாமல் பேசுவார்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் நிலைக்குமா?

வீட்டில் பேசினால் நிலைக்கும். மற்றதெல்லாம் உதவிதான், ஆனால் நல்ல உதவி. பள்ளிச் சபைகள் சனிக்கிழமைகளிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் தமிழ் வகுப்பு நடத்துகின்றன, உயர்நிலைப் பள்ளியில் தமிழுக்கு மதிப்பெண் உண்டு. ரொறன்ரோ பொதுநூலகத்தின் ஸ்காபரோக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, அட்டை இலவசம். ஒன்ராறியோ 2014இலும் நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக மக்கள் சேர்த்த பணம் 2021இல் 30 லட்சம் டொலரைத் தொட்டது. பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்ததையும் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் ஆங்கிலத்தில் ஜமேக்காவும் சோமாலியாவும் இருக்கும். தமிழ்ப் பொடியன் ஒருவன் "வாக்வான்" என்று நலம் கேட்பான், சத்தியம் செய்ய "வல்லாஹி" என்பான். கெட்ட சகவாசம் என்று பயந்துவிடாதீர்கள். பக்கத்து மேசையில் இருந்த நண்பனின் பேச்சு அது.

பார்க்க என்ன இருக்கிறது?

ஏரிக்கரைச் செங்குத்து மேடுகள், சில இடங்களில் 90 மீற்றர் உயரம். விளிம்புக்குப் போகாதீர்கள், மண் இடியும். கிழக்கே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, கனடாவில் அந்த வகையில் முதலாவது. ஆகஸ்ட் கடைசியில் மார்க்கம் றோட்டில் நடக்கும் தமிழர் தெருவிழாவும் பார்க்க வேண்டியது, 2015இல் தொடங்கியது. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது செப்டெம்பர், ஒக்ரோபரில் ஹைலண்ட் கிறீக் ஓடையில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு வருவது. மோர்னிங்சைட் பார்க்கில் நின்றால் காணலாம். கரையில் ஒரு பக்கம் சீனத் தாத்தா, ஒரு பக்கம் ஆப்கானியக் குடும்பம். மீன் துள்ளும்போது எல்லாரும் ஒரே சத்தம் போடுவார்கள்.

இவ்வளவு நல்ல இடம் என்றால் ஏன் பலர் விட்டுப் போகிறார்கள்?

பெரிய வீடு, புதிய பள்ளிக்கூடம். மார்க்கம், ஏஜக்ஸ், பிக்கரிங், இப்போது விற்பி, ஒஷாவா வரைக்கும் போய்விட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, எங்களுக்கு முன் இருந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். ஆனாலும் போனவர்கள் மரக்கறி வாங்கவும் முடி வெட்டவும் கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் வருகிறார்கள்.

பக்கத்து வீட்டாரோடு எப்படிப் பழகுவது?

குப்பை எடுக்கும் நாளில் எந்தத் தொட்டி வெளியே வைக்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். பேச்சுத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பனி கொட்டினால் உங்கள் நடைபாதையோடு சேர்த்து அவர்களுடையதிலும் நாலு முறை பனியை வாரிப் போடுங்கள்.

என் பக்கத்து வீட்டில் கயானாவில் இருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். முதல் குளிர்காலத்தில் அவருடைய படியில் பனி வாரிக் கொடுத்தேன், அடுத்த நாள் ஒரு கறி வந்தது, அப்படியே பழக்கமானது. ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டு, தன் பாட்டி தப்பு அடித்துப் பாடுகிற ஒரு பாட்டைப் பாடிக்காட்டினார். சொற்கள் தேய்ந்து உருமாறி இருந்தன. என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது, அவருடைய பாட்டிக்கும் தெரிந்திருக்கவில்லையாம். நான் திரும்பப் பாடச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது: "வேப்பிலைக்காரி வாடி அம்மா." அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.